பதினோரு அடி இரண்டு அங்குலம்

1

நேற்று என் வீட்டுக்கு எதிரே மேம்பாலச் சாலையைத் திறந்தார்கள். என் மகள் கவிதா காரை எடுத்துக்கொண்டு, "வாங்கப்பா, முதல் ஆளாப் போய்ப் பார்ப்போம்லா" என்றாள். வரவில்லை என்றேன். "பதினாலு மாசமா பால்கனியில நின்னு எண்ணினீங்க, இப்ப வரமாட்டேங்கிறீங்க" என்று அலுத்துக்கொண்டு தனியாகப் போனாள். ஏன் போகவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. நம் பக்கத்து ஆட்களிடம் சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன். எழுபத்தொரு வயதில் எனக்கு மிச்சம் இருப்பது அதுதான்.

கோலாலம்பூரின் தென்புறம். பதினோராவது மாடி. பால்கனியில் நின்றால் கீழே ஆறு தடச் சாலை, அதன் நடுவே வரிசையாகப் பதினேழு தூண்கள். தூண்களுக்கு இடையே பதினாறு இடைவெளிகள். ஒவ்வொரு இடைவெளிக்கும் பதினான்கு கான்கிரீட் துண்டுகள். மொத்தம் இருநூற்று இருபத்து நான்கு. முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டுவரை நோட்டில் கோடு போட்டு எண்ணியிருக்கிறேன். அந்தப் பதினான்கு மாதத்தில் கீழே இருந்த சாலையை முழுதாக அடைத்த நாட்கள் எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை.

கடைசித் துண்டை ஏற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மதியம் ஒன்றரைக்கு, ஊரில் காலை பதினொன்று, என் தங்கை பவளம் போன் செய்தாள்.

"அண்ணே, இன்னைக்கு ரெண்டு மணி நாப்பது நிமிசந்தாண்ணே மெஷினை ஓட்டுனாக."

"நாலு மணி நேரமில்ல ஓட்டணும்?"

"நாங்க போனதே லேட்டுண்ணே. அடுத்த ஆளு பெட்டுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாக. அவுகளும் உசுருதான. எந்திரிச்சு வந்துட்டேன்."

நோட்டின் மறுபக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி இருபது நிமிடம் என்று எழுதினேன்.

2

பவளத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவன் போன பிறகு அனுமந்தன்பட்டியில் இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் தேனிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். காலை ஏழு முதல் பதினொன்றுவரை அவள் முறை. பதினொன்றுக்குப் படுக்கையை விட்டாக வேண்டும். தாமதமாகப் போனால் போன நேரம் போனதுதான். அதைத் திருப்பித் தரமாட்டார்கள். குறைந்த நேரம் ஓட்டினால் உடம்பில் தண்ணீர் தங்கும். கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். கடைசியில் இதயம் கெடும்.

அவளைக் காரில் கூட்டிப் போகிறவன் எங்கள் கடைசித் தம்பி ராசாராம். அவன் வீடு அவள் வீட்டுக்கு அடுத்த வீடு. தேனிக்குள் நுழைகிற முக்கில் எங்கள் அப்பா வைத்த கடை இருக்கிறது. தோட்டக்காரர்களுக்கு வேண்டிய பைப், மோட்டார், வால்வு விற்கும் கடை. அக்காளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கடை திறப்பான். கடை முக்கைத் தாண்டினால் ஆஸ்பத்திரி, அறுநூறு மீட்டர்.

அந்த முக்கில்தான் மேம்பாலம் கட்டுகிறார்கள். கட்டட்டும். வேண்டியதுதான். ஆனால் எப்படிக் கட்டுகிறார்கள்? ஒரு நாள் காலையில் நான்கு தார் டிரம்மையும் தகரத்தையும் குறுக்கே வைத்து, "பணி நடைபெறுகிறது, மாற்றுப் பாதையில் செல்லவும்" என்று ஒரு பலகை நட்டார்கள். அவ்வளவுதான். கம்பத்துத் திராட்சை லாரி, சின்னமனூர் வாழைத்தார் லாரி, குமுளி பஸ், மேகமலைக்குப் போகும் ஜீப், எல்லாம் வாய்க்கால் கரையில் ஒரே ஒரு வண்டி போகிற பாதையில் சுற்றின. எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். யார் போவது என்று முடிவு செய்ய இருபது நிமிடம். முன்பு ஆறு மணிக்குப் புறப்பட்ட பவளம், நாலே முக்காலுக்குப் புறப்பட்டாள். அப்போதும் ஏழு மணிக்குப் போய்ச் சேர உத்தரவாதமில்லை.

3

சாலையை மூடாமல் சாலைக்கு மேல் சாலை கட்டுவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மதுரையில் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, இருபத்தொன்பது வயதில் விமானம் ஏறி, முப்பத்துமூன்று வருடம் இந்த ஊரில் நான் செய்த வேலை அதுதான்.

முதலில் எண்ண வேண்டும். ஏழு நாள், ஒவ்வொரு மணிக்கும், எந்தத் திசையில் எத்தனை வண்டி, அதில் எத்தனை லாரி என்று. பிறகு சாலையின் ஓரத்தை அகலப்படுத்த வேண்டும். விளக்குக் கம்பத்தைத் தள்ளி நட்டு, சாக்கடைக்கு மேல் கனமான மூடி போட்டு, தார் ஊற்றிக் கோடு போட்டு, ஒரு வாரம் வண்டிகளை அந்தப் புதுத் தடத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நடுவில் இடம் எடுக்கலாம். கான்கிரீட் தடுப்பு வைத்து மறித்த ஏழு மீட்டர் அகலத்துக்குள் துளை போட்டு, அடித்தளம் இறக்கி, ஒற்றைத் தூண் எழுப்பிவிடலாம். இரண்டு பக்கமும் வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

மேலே போடும் பாலத்தை அங்கே வார்ப்பதில்லை. ஊருக்கு வெளியே ஒரு திடலில் ரொட்டித் துண்டு மாதிரி துண்டு துண்டாக வார்ப்பார்கள். ஒரு துண்டின் முகத்தை அச்சாக வைத்துத்தான் அடுத்த துண்டை வார்ப்பது. அதனால் பக்கத்துத் துண்டோடு மட்டும்தான் அது பொருந்தும். வரிசை மாறக்கூடாது என்று எண் எழுதியிருக்கும். தூண்களின் தலைமேல் ஒரு நீண்ட இரும்புச் சட்டம் உட்கார்ந்திருக்கும். லாஞ்சர் என்போம். அது துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தொங்கவிடும். முகத்துக்கு முகம் பசை தடவி, உள்ளே எஃகு வடம் கோத்து, இழுத்து முறுக்கினால் பதினான்கும் ஒரே துண்டாகிவிடும். பிறகு லாஞ்சர் அடுத்த தூணுக்குத் தானே நகர்ந்து போகும். தூக்கும்போது நேர் கீழே இருக்கும் தடத்தை மட்டும் சற்று நேரம் மாற்றி விடுவார்கள். கீழே காரில் போகிறவன் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவான்.

வருகிறவர்கள் எல்லாரும் அந்த லாஞ்சரைத்தான் வாய் பிளந்து பார்ப்பார்கள். அது வெறும் இரும்பு. காசு இருந்தால் யாரும் வாங்கலாம். சூட்சுமம் முதல் வேலையில் இருக்கிறது. ஒரு தடத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடத்தைக் கொடு. என் கீழே வேலை பார்த்த ஒவ்வொருவனுக்கும் இதைக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். முதலில் கொடு. பிறகு எடு.

தேனியில் எடுத்துவிட்டார்கள். கொடுக்கவில்லை.

4

ராசாராமுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, நீ கடை வாசல்லதான உக்காந்திருக்க. சுத்துப்பாதை முக்குல நின்னு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டி போகுதுன்னு எண்ணிச் சொல்லு."

"எண்ண என்னண்ணே இருக்கு. நிக்கிற வண்டியா, போற வண்டியா?"

"ரெண்டும்."

ஒரு மணி கழித்துக் கூப்பிட்டான். "லாரி நாப்பத்தொண்ணு, பஸ்ஸு ஒம்பது, காரு நூத்திப் பன்னெண்டு, மாடு ஆறு. மாட்டுல ரெண்டு படுத்திருச்சு. அதையும் எழுதிக்கங்க."

"ஜாலான் ஓரத்துல எவ்வளவு இடம் இருக்கு?"

"ஜாலானா? அது யாருண்ணே?"

முப்பது வருடம் அந்த வார்த்தையில் பிழைத்தால் நாக்கில் சாலை என்பது ஜாலானாகிவிடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிக் கேட்டேன். அளந்து சொன்னான். நான் மூன்று தாளில் வரைபடம் போட்டேன். மேற்குப் பக்கம் பதினோரு அடி இரண்டு அங்குலம் எடுத்துத் தற்காலிகச் சாலை. அதன் பிறகு நடுவில் தோண்டுதல். மூன்றாவது கட்டத்தில் கிழக்குப் பக்கம் திறப்பு. ஒரு சிறுபிள்ளைக்குக்கூடப் புரியும்படி வண்ணம் தீட்டினேன்.

அனுப்புவது தனிக் கொடுமை. மனு கொடுக்கும் இணையதளம் இந்தியக் கைபேசி எண் கேட்டது. ராசாராம் எண்ணைக் கொடுத்தேன். அவனுக்கு வந்த ஆறு இலக்கத்தை அவன் எனக்குப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்தது. நான்கு தடவை. ஐந்தாவது தடவை மனு போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் நாள் பதில் வந்தது: தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது. எந்தத் தீர்வு? அன்றும் பவளத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் போயிருந்தது. நான் மறுபடி அனுப்பினேன். மொத்தம் ஏழு மனு. ஏழாவதில் கண்ணியமான வார்த்தைகள் தீர்ந்துவிட்டன.

அதற்குத்தான் போன் வந்தது.

"வணக்கம் சார். நூர்ஜஹான் பேசுறேன். பாலத்துக்கு சைட் இன்ஜினியர். எனக்கும் உங்க பக்கந்தான், உத்தமபாளையம்."

"என் வரைபடம் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார். நல்லா போட்டிருக்கீக."

"பாராட்டு கெடக்கட்டும். ஏன் செய்யல?"

"இதே டிராயிங் எங்ககிட்டயும் இருக்கு சார். முதல்லயே போட்டதுதான். மேற்கே எடுத்து டெம்பரரி ரோடு, அப்புறந்தான் நடுவுல வேலைன்னு."

"பெறகு என்ன கேடு?"

"மேற்கே அஞ்சு கடை சார். நாலு பேரு முகப்பை விட்டுக்கொடுத்துட்டாக. அஞ்சாவது கடைக்காரங்க கோர்ட்டுல ஸ்டே வாங்கிட்டாக. மாசக்கணக்குல காத்திருந்து பாத்தோம். வேலை முடிக்கிற தேதி நெருங்கிருச்சு. மொத்தமா அடைக்க ஆர்டர் வாங்கிட்டோம்."

"ஒருத்தன் பதினோரு அடிக்காக ஒரு சீமையையே மறிப்பானா? எவன்மா அவன்? பேரைச் சொல்லு. அவனுக்கும் ஒரு கடுதாசி எழுதுறேன்."

"சார், நான் அதுக்காகத்தான் கூப்பிட்டேன். பைப் கடை சார். மனுதாரர் ரெண்டு பேரு. முதல் மனுதாரர்..."

என் பெயரைப் படித்தாள். தகப்பனார் பெயரோடு. தற்சமயம் கோலாலம்பூரில் வசிப்பவர் என்பதோடு.

"சார்? லைன்ல இருக்கீகளா?"

5

கவிதாதான் அலமாரியைக் குடைந்து அந்தக் கோப்பை எடுத்தாள். இரண்டரை வருடம் முன்பு ராசாராம் ஒரு பத்திரம் அனுப்பியிருந்தான். "கடை விசயமாண்ணே, ஒரு பவர் வேணும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்றான். தூதரகத்துக்குப் போனேன். டோக்கன் எண் அறுபத்து நான்கு. காத்திருந்தது மூன்று மணி பத்து நிமிடம். எனக்கு முன்னால் பதினெட்டு நாற்காலி, அதில் இரண்டு உடைந்தது. எல்லாம் நினைவிருக்கிறது. பத்திரம் ஐந்து பக்கம் என்பதும் நினைவிருக்கிறது. அந்த ஐந்தில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில், நில எடுப்பை எதிர்த்து வழக்கு நடத்தவும் தடை உத்தரவு பெறவும் என்று கறுப்பு மையில் இருந்தது. மேற்குப் பக்கத்துக்கு வண்ணம் தீட்டியபோதும் அது எங்கள் கடை முகப்பு என்று நான் யோசிக்கவில்லை.

தம்பி கேட்டால் படித்துப் பார்ப்பது அவமரியாதை என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம். பவளமும் அப்படித்தான். அப்பா இறந்த மாதம், கடையில் தனக்கிருந்த பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் நின்று, "இங்கன போடு ஆத்தா, இங்கன போடு" என்று விரலை வைத்துக் காட்டினோம். அவளும் படிக்கவில்லை.

ராசாராமைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவனும் கத்தினான்.

"நோட்டீஸ்ல சர்வே நம்பரே தப்புண்ணே! எதுக்கு எடுக்குறான், எவ்வளவு நாளைக்குன்னு ஒரு வரி இல்ல. முகப்பு போனா ஷட்டரை எங்கன மாட்ட? கல்லாவை எங்கன வைக்க? அப்பா வச்ச கடை. இவ்வளவு பேசுறீகளே, முப்பது வருசத்துல முப்பது நாளு கடையில உக்காந்திருப்பீகளா?"

"அக்காளைக் கூட்டிட்டுப் போற பாதைடா அது!"

"கூட்டிட்டுப் போறது யாரு? நாந்தான. நாலு மணிக்கு எந்திரிச்சு, அவுகளைக் கைத்தாங்கலா ஏத்தி, இறக்கி. நீங்க அங்கன இருந்து நிமிசம் எண்ணுறீக."

அவன் சொன்னது உண்மை என்பதால் இன்னும் ஆத்திரம் வந்தது. என் மூன்று தாளை அவனுக்கு அனுப்பி, அந்தப் பதினோரு அடி எதற்கு என்று விரல் வைத்துக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

"அப்ப நம்ம முகப்பு இல்லாமதான் மொத்த ரோட்டையும் அடைச்சானா?"

"ஆமாடா."

"இதை எவனாவது வந்து சொன்னானாண்ணே? நோட்டீஸ்ல பொதுக் காரியம்னு போட்டிருந்துச்சு. பொதுக் காரியம்னா அக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதை அந்த நோட்டீஸை எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும். நூர்ஜஹான் மாதிரி ஒரு பெண், ஒரு படம், பத்து நிமிடம் பேச்சு போதும். அதற்குப் பதில் நான்கு பக்கம் சட்டமொழியில் எழுதி, சர்வே எண்ணையும் தப்பாகப் போட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆனாலும் ராசாராம் முகப்பைத் தருகிறேன் என்று சொல்லவில்லை. "வக்கீலைக் கேக்கணும்" என்றான். வக்கீல் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை மறுபடி தூதரகம். டோக்கன் எண் பதினேழு. பவரை ரத்து செய்து, என் பாதிக்குச் சம்மதக் கடிதம். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை படித்தேன். கவுண்டரில் இருந்தவர், "சீக்கிரம் சார்" என்றார். முடியாது என்றேன். ஆனால் என் பாதி மட்டும் போதாது. தடை இரண்டு பேர் பெயரில் இருந்தது. ராசாராம் ஐந்து வாரம் என் போனை எடுக்கவில்லை. அந்த ஐந்து வாரத்தில் பவளத்துக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் போயிற்று.

6

மீதியை நான் பார்க்கவில்லை. பவளம் சொன்னதுதான்.

ஒரு சனிக்கிழமை வாய்க்கால் கரையில் வாழைத்தார் லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டது. முன்னும் பின்னும் நகர வழியில்லை. பவளத்துக்கு மூச்சு வாங்கியது. ராசாராம் காரை எப்படியோ திருப்பி, அடைத்த பழைய சாலையில் தகரம்வரை ஓட்டி வந்தான். எதிரே பள்ளம். பள்ளத்துக்கும் எங்கள் கடைக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம். பள்ளத்தைச் சுற்றி அவளால் நடக்க முடியாது.

"தம்பி என்ன செஞ்சான் தெரியுமாண்ணே? ஷட்டரைத் தூக்குனான். பின்வாசல் ஒண்ணு இருக்குல்ல, பைப்பை அடுக்கி பன்னெண்டு வருசமா மூடி வச்சிருந்தானே, அந்தப் பைப்பையெல்லாம் இழுத்து இழுத்துப் போட்டான். கடையில இருந்த பிளாஸ்டிக் சேர்ல என்னைய உக்கார வச்சு, டீக்கடைக்காரர் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். கடைக்குள்ள பூந்து பின்னாடித் தெருவுல எறக்கிட்டாக. அங்கன ஆட்டோ."

"அப்புறம்?"

"திரும்பிப் பாக்குறேன், பின்னாடியே சனம் வருதுண்ணே. பையைத் தூக்கிட்டு ஒரு டீச்சரு, புள்ளையை இடுப்புல வச்சு ஒருத்தி, பரிச்சைக்குப் போற புள்ளைக. எல்லாம் நம்ம கடைக்குள்ள புகுந்து வருது. ஒருத்தி போறபோக்குல தம்பியப் பாத்து, 'இந்தக் கடைதான்யா வழியை மறிச்சதாம், இப்ப இதுதான் வழியா'ன்னுட்டுப் போறா. அவன் அங்கன கெடந்த மோட்டாரைத் தூக்கி ஓரமா வச்சு வழி விட்டுக்கிட்டே நின்னான்."

திங்கட்கிழமை ராசாராமிடமிருந்து ஒரு படம் வந்தது. ஷட்டர் கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தரையில் அளவு டேப், அதன் முனையில் சுண்ணாம்புக் கோடு. பதினோரு அடி இரண்டு அங்குலம். கீழே ஒரே வரி: "சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கங்க." அண்ணே என்று போடவில்லை. இன்னும் போடுவதில்லை.

தடை விலக இரண்டு வாரம். தார் ஊற்ற எட்டு நாள். தற்காலிகச் சாலையில் முதல் நாள் போன பவளம், ஆறே ஐம்பதுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். "நாலு மணி நேரம்ணே, முழுசா" என்றாள். குரலில் ஒரு சந்தோஷம். அவள் யாரையும் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

போன மாதம் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். முன்பைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கிறதாம். தண்ணீர் தங்கித் தங்கி வந்ததா, வேறு காரணமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. இனிமேல் ஒரு நிமிடமும் குறையக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

7

நேற்று மேம்பாலத்தில் போய் வந்த கவிதா, "ஏழு நிமிஷம்தான்பா, அந்தப் பக்கம் போயிட்டேன்" என்றாள். எனக்குத் தெரியும். இன்னும் நாற்பது வருடத்துக்கு யாரும் அதில் நிற்க மாட்டார்கள். இந்த ஊரில் நான் வேலை பார்த்த மேம்பாலங்கள் ஒன்பது. அவற்றுக்குக் கீழே எத்தனை ஆம்புலன்ஸ் நிற்காமல் போயிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. நிற்காததை யார் எண்ணுவார்கள்.

நின்றதை நான் எண்ணியிருக்கிறேன். தேனியில் சாலையை அடைத்த நாள் முதல் தற்காலிகச் சாலை திறந்த நாள்வரை பவளம் ஆஸ்பத்திரிக்குப் போனது தொண்ணூற்றாறு முறை. அதில் ஐம்பத்தேழு முறை தாமதம். பவளத்துக்குப் போன நேரம் நாற்பத்தாறு மணி இருபது நிமிடம். எங்கள் மூவரில் முதலில் கொடுத்தவள் அவள். படிக்காமல், கேட்காமல், தன் பங்கை எங்களுக்கு எழுதிக் கொடுத்தவள். நாங்கள் அந்தக் கடையின் முகப்பை வைத்துக்கொண்டு அவளிடமிருந்து எடுத்தது இவ்வளவு.

ஏழு மனு அனுப்பிய நான் எட்டாவதையும் எழுதிவிட்டேன். அதே மூன்று தாள், அதே வண்ணம், அதே கேள்வி: கொடுப்பதற்கு முன் ஏன் எடுத்தீர்கள்? நாற்பத்தாறு மணி இருபது நிமிடத்துக்கு என்ன பதில்? உறையில் போட்டு, பெறுநர் என்ற இடத்தில் வழக்கில் இருந்தபடியே எழுதினேன். முதல் மனுதாரர், தற்சமயம் கோலாலம்பூரில் வசிப்பவர், பதினோராவது மாடி.

இதைத் தீர்வு செய்துவிட்டதாக யாரும் எனக்குப் பதில் அனுப்ப முடியாது.